பிப்ரவரி 14 பட்ஜெட்ல பாதியை யாருக்குக் குடுக்கலாம்?

காதலர் தினம் வந்தாலே ரோஜா விலை ஏறும், ஹோட்டல்ல "கப்பிள் ஆஃபர்" வரும், கிரெடிட் கார்டுல இ.எம்.ஐ. கிஃப்ட் வரும். கார்டு பாக்கி வெச்சா மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி போகும்னு நம்ம சேனல்ல பலமுறை பேசியாச்சு. இன்னைக்கு அதைப் பத்தி இல்ல. அந்தக் காசுல பாதியை வேற மாதிரி செலவு பண்ணலாமேன்னு ஒரு கருத்து.

காதலுக்கும் கடலுக்கும் பேர் போன ஊர் எங்க குமரி மாவட்டத்து முட்டம். "அலைகள் ஓய்வதில்லை" (1981), "கடலோரக் கவிதைகள்" (1986) ரெண்டுமே இங்க எடுத்ததுதான். லைட் ஹவுஸ், பாறை, அலைன்னு போட்டோ எடுக்க ஜோடி ஜோடியா வர்றாங்க. வாங்க, தப்பே இல்ல. ஆனா அந்த போட்டோவுக்குப் பின்னால தெரியுற படகுல ஒரு குடும்பத்தோட மொத்த வருமானமும் இருக்கு.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல இந்த மாவட்டத்துக் கடலோர ஊர்கள்ல இருந்து போன எத்தனையோ பேர் திரும்பி வரல. பலரோட உடல்கூட கிடைக்கல. ஒருத்தரைப் பத்தி 7 வருஷம் தகவலே இல்லாம இருந்தாதான் அவர் இறந்துட்டதா சட்டம் எடுத்துக்கும். ஒக்கியில காணாமப் போனவங்க குடும்பத்துக்கு அவ்வளவு வருஷம் காத்திருக்க விடாம, தனி முடிவு எடுத்துத்தான் தமிழக அரசு 20 லட்சம் ரூபாய் குடுத்தது. சம்பாதிக்கிற ஒரு ஆள் இல்லாமப் போனா வீட்டுல துக்கத்தோட சேர்த்து கடனும் வந்து உக்காரும். சம்பளக்காரங்களான நமக்கு பி.எஃப்., குரூப் இன்சூரன்ஸ்னு ஏதாவது ஒண்ணு இருக்கு. தலைச்சுமையா சாளையும் நெத்திலியும் கொண்டு வந்து விக்கிற அம்மாவுக்கு?

மரியாதையும் இதே கணக்குலதான் வரும். 2021 டிசம்பர்ல குளச்சல்ல, மீன் நாத்தம் அடிக்குதுன்னு ஒரு மீன்கார அம்மாவை அரசு பஸ்ல இருந்து இறக்கி விட்டாங்க. ஊழியர்களை சஸ்பெண்ட் பண்ணாங்க, முதலமைச்சரே கண்டிச்சார். ஆனா அந்த அம்மாகிட்ட 200 ரூபா மீனுக்கு 30 ரூபா குறைச்சுப் பேசிட்டு, ஏ.சி. ரெஸ்டாரண்ட்ல அதே மீனுக்கு 600 ரூபா பேரம் பேசாம குடுக்குறோமே, அதையும் கண்டிக்கணும்ல?

சரி, என்ன பண்ணலாம்? உங்க பட்ஜெட் 4,000 ரூபான்னு வைப்போம். 2,000 உங்க ரெண்டு பேருக்கு. மீதி 2,000-ல, உங்க நாளைத் தாங்குற ரெண்டு பேரை நினைச்சுக்கோங்க. மீன் விக்கிறவங்க, வீட்டு வேலைக்கு வர்ற அக்கா, ஆபீஸ் வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அண்ணன், யாரா வேணா இருக்கலாம்.

பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டத்துல 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு. 18 முதல் 50 வயசு வரைக்கும் சேரலாம். வருஷத்துக்கு 436 ரூபா, பிப்ரவரியில சேர்ந்தா மே 31 வரைக்கும் 228 ரூபாதான். சுரக்ஷா பீமா திட்டத்துல 2 லட்சம் விபத்துக் காப்பீடு, 70 வயசு வரைக்கும், 20 ரூபா. ஆக ஒருத்தருக்கு 248, ரெண்டு பேருக்கு 496. அடுத்த வருஷப் பிரீமியம் ஆளுக்கு 456-ஐ மே மாசமே அவங்க அக்கவுன்ட்ல போட்டுடுங்க. அது 912. மொத்தம் 1,408 ரூபா. மிச்சம் 592-க்கு பேரம் பேசாம மீன் வாங்கி ரெண்டு பேரும் சேர்ந்து சமைங்க.

மூணு விஷயம் கவனம். ஒண்ணு, அவங்க சம்மதம் முக்கியம். அக்கவுன்ட் அவங்களோடது, நாமினி யாருன்னு அவங்கதான் முடிவு பண்ணணும். ரெண்டு, ஜீவன் ஜோதியில முதல் 30 நாள்ல விபத்து தவிர வேற மரணத்துக்குப் பணம் வராது. மூணு, ஏற்கெனவே சேர்ந்திருக்காங்களான்னு பாஸ்புக்குல பாருங்க. எத்தனை அக்கவுன்ட் இருந்தாலும் ஒருத்தருக்கு ஒரு பாலிசிதான்.

"ஒரு நாளாவது ஜாலியா இருக்க விடுங்க ப்ரோ"ன்னு கேட்பீங்க. தாராளமா இருங்க. பூவும் வாங்குங்க, தோவாளைச் சந்தையை நம்பி எத்தனையோ வீட்டுல அடுப்பு எரியுது. இன்னொண்ணும் சொல்லிடறேன்: 248 ரூபா குடுத்துட்டா நம்ம கடமை முடிஞ்சுடாது. வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு வாரம் ஒரு நாள் சம்பளத்தோட லீவும், வருஷா வருஷம் சம்பள உயர்வும் குடுக்கிறது இதைவிடப் பெருசு. ஆபீஸ்ல நமக்கு அப்ரைசல் வரலைன்னா எவ்வளவு கோபம் வருது! அவங்களுக்கும் அதே நியாயம்தானே?

நாம நேசிக்கிறவங்க நாளைக்கு நடுத்தெருவுல நிக்கக் கூடாதுன்னு இன்னைக்கே யோசிக்கிறதுதான் காதல். அந்த யோசனையில வீட்டுக்கு வெளிய ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டா, பிப்ரவரி 14 இன்னும் அழகான நாள்தான். இந்த வாரம் உங்க ஜோடிகிட்ட கேளுங்க: நம்ம ரெண்டு பேர் யார் யார்?