கணக்கைத் தமிழில் கூறுக!

தமிழே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பெற்றது 1956இல். இன்றும் சட்டமன்ற உறுப்பினர் பலர் தம் தொகுதி மக்களுக்கு விடுக்கும் பணியறிக்கைகளில் ‘டெண்டர்’, ‘எஸ்டிமேட்’, ‘பெண்டிங்’ என்பனவே ஆட்சி புரிகின்றன! தொகுதி மேம்பாட்டுத் தொகை 2019இல் ஆண்டுக்கு 3 கோடி உருபாவாக உயர்த்தப்பெற்றது. அஃது அவர்தம் கொடையன்று. மக்கள் இறுத்த வரி. ஒப்பந்தப்புள்ளி எவர்க்கு, மதிப்பீடு எவ்வளவு, குடிநீர்க் குழாய்ப்பணி நிலுவையில் நிற்பது எதனால் எனத் தூய தமிழில் எழுதினால், குழாயடியில் வெறுங்குடத்தோடு நிற்கும் மூதாட்டியும் வினவுவார். அவ்வினாவுக்கு அஞ்சுவோர்க்கே அயற்சொல் போர்வையாகிறது. மொழிக்கலப்பு நாகரிகமன்று, கணக்கை மறைக்கும் திரை. தமிழர்களே! கலப்புமொழி அறிக்கையைத் திருப்பி விடுங்கள். வரவையும் செலவையும் தமிழில் கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களது. விடை கூறும் கடமை அவர்களது!