மண்ணின் பெயரை மறையாத கடை

'விலை மலிவு' என்னும் ஒரே சொல்லைக் காட்டி, ஒரு நாட்டின் கைத்தொழில் முழுமையையும் குழிதோண்டிப் புதைத்துவிடலாம் என எண்ணும் வணிகர் எங்கும் உளர். அவ்வெண்ணத்திற்கு அறைகூவலாய் எழுந்தது, போர்த்துக்கல் தலைநகராகிய இலிசுபனில், கத்தரினா போர்த்தாசு என்னும் அம்மையார் 2007-இல் திறந்த கடை. 'போர்த்துக்கீசிய வாழ்வு' என்பதே அக்கடைப் பெயரின் பொருள்.

இதழாளராயிருந்த அவ்வம்மையார், தம் நாட்டார் வழிவழியாகச் செய்தும் வழங்கியும் வந்த பொருள்கள் மறைவதைக் கண்டார்; அவற்றைச் செய்வோரைத் தேடிச் சென்றார்; செய்தோர் பெயரையும் ஊரையும் மறையாமல் விற்கத் துணிந்தார். கையால் வண்ணந்தீட்டிய மண் தகைவிலான் குருவிகள் அங்கு விலையாகின்றன. அவற்றைச் செய்யும் கால்தாசு ஊர்த் தொழிற்சாலை, இரபேல் போர்தாலோ பின்னேய்ரோ என்னும் ஓவியர் 1884-இல் நிறுவியது. 2009-இல் அது மூடும் நிலைக்கு வந்து, வேறொரு நிறுவனம் வாங்கியதாற் பிழைத்தது. வாங்குவார் இன்றேல் நூற்றாண்டுப் புகழும் அடுப்பெரிக்காது!

அந்நாட்டின் வடபாலுள்ள பிசல்யாயிசு என்னும் சிற்றூரில், நிலத்திற் குழிதோண்டி, மட்கலங்களை அடுக்கி, விறகிட்டெரித்து, இறுதியில் மண்ணால் மூடிப் புகையடக்கிக் கருங்கலம் சுடுகின்றனர். ஒன்றிய நாடுகள் அவையின் பண்பாட்டு அமைப்பு, உடனே காக்கப்படவேண்டிய மரபென அதனை 2016-இல் பட்டியலிட்டது. தொழிலறிந்தோர் மிகச்சிலர், அவருள்ளும் பெரும்பாலோர் முதியோர். அண்டை நாடாகிய இசுப்பானியத்தின் தலவேரா மட்கலக் கலையும் 2019-இல் அவ்வமைப்பின் மற்றொரு பட்டியலில் இடம்பெற்றது. நன்று! ஆயின் பட்டியல் சோறிடுமா? குயவன் கலத்தை விலைகொடுத்து வாங்கி, அவன் மகனும் அச்சக்கரத்தில் அமர வழிசெய்வது கடையன்றோ?

"கைக்கலத்தின் விலை மிகுதி, ஏழை எங்ஙனம் வாங்குவான்?" என வினவுவார் உளர். பொறிக்கலம் மலிந்ததனால் வேலையிழந்த குயவனும் ஏழையே என்பதை இவர் ஏன் எண்ணுவதில்லை? கலத்தின் வடிவைத் திருடி, ஊர்ப்பெயரையும் திருடி விற்கும் போலிகளைத் தடுக்கவே, கைவினைப் பொருள்களின் ஊர்ப்பெயர் காக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றியது. பெயர் போயின் பிழைப்பும் போகும் என்பதை அவர்கள் உணர்ந்துவிட்டனர்.

நாமோ, அப்போர்த்துக்கீசியர் வந்து சென்ற பின்னும், திறவுகோல் இருக்கச் 'சாவி' என்கின்றோம். பலகணி இருக்கச் 'சன்னல்' என்கின்றோம். அவர் சொல்லை வாங்கிய நாம், தம் மண்ணையும் பெயரையும் காக்கும் அவர் மானத்தை வாங்கினோமில்லை! சொல்லும் கலமும் வழங்குவார் உள்ளவரையே வாழும். தமிழர், தம் சொல்லைத் தம் வாயாலும், தம் குயவர் கலத்தைத் தம் கையாலும் இன்றே ஆள்க!