விழக் கற்றுத் தராத கேம்ப் எதுக்கு?

நவரை அறுப்பு முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள, பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு நோட்டீஸோட வந்து நின்னார். "அண்ணா, பையன் அடம் பிடிக்கிறான். 10 நாள் ஸ்டண்ட் கேம்ப்பாம். கடைசி நாள் வீடியோ எடுத்துக் குடுப்பாங்களாம். சேர்க்கலாமா?"

நோட்டீஸை ரெண்டு தடவை படிச்சேன். நெருப்பு வளையம் இருக்கு. ஓடுற பைக் மேல நிக்கிற பையன் இருக்கான். யார் சொல்லித் தர்றாங்க, பிள்ளைங்க எதுமேல விழுவாங்க, அடிபட்டா யார் பார்ப்பாங்க, ஒரு வரி கிடையாது. அடியில பொடி எழுத்துல, "காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல." அப்புறம் எதுக்குய்யா நீ நிர்வாகம்?

வயசு 6 முதல் 17 வரையாம். 6 வயசுக் குழந்தையையும் 17 வயசுப் பையனையும் ஒரே வரிசையில நிறுத்துறவன் வாத்தியார் இல்லை, வியாபாரி. ஸ்டண்டுக்கு முதல் பாடமே விழறதுதான். தாடையை நெஞ்சோட ஒட்டிக்கணும், கையை ஊனாம தோள் மேல உருளணும். மெத்தை மேல நூறு தடவை விழுந்தாதான் உடம்பு அதைப் பழகும். சிலம்பத்துல காலடி பழகாம வீச்சுக்குப் போக விடுவாங்களா? எங்க காலத்துல வைக்கோல் போர் மேலருந்து குதிச்சுக் கத்துக்கிட்டோம். இப்ப மிஷின் வந்து வைக்கோலை உருட்டிக் கட்டி, லாரியில ஏத்திட்டுப் போயிடுது.

"பயிற்சி இருந்தா பயமில்ல"ன்னு சொல்றவங்க கொஞ்சம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் திரும்பிப் பாருங்க. 2023 ஆகஸ்ட் 5-ம் தேதி, தேசிய பைக் பந்தயத்துல பெங்களூர்ப் பையன் ஒருத்தன் விழுந்து உயிரை விட்டான். வயசு 13. முறையாப் பழகி, ஜெயிச்சு வந்த பிள்ளை. 2025 ஜூலையில நாகப்பட்டினம் மாவட்டத்துல, கார் கவிழும் காட்சி எடுக்கும்போது ஸ்டண்ட் கலைஞர் மோகன்ராஜ் இறந்தார். அதையே தொழிலா வெச்சிருந்தவர். இவ்வளவு பழகினவங்களுக்கே இந்த கதின்னா, 10 நாள் கேம்ப் எந்த மூலைக்கு?

"கேம்ப்புக்கு அனுப்பலன்னா ரோட்டுல பண்ணுவானே"ன்னார் தம்பி. அது உண்மை. அதுக்குக் காரணம் நாமதான். நிலம் வித்த காசுல பைக் வாங்கி, லைசென்ஸ் இல்லாத பையன் கையில சாவியைக் குடுத்தோம். ஒரகடம் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல முன்சக்கரத்தைத் தூக்கிட்டுப் போறான். 2023 செப்டம்பர்ல பாலுசெட்டிசத்திரத்துகிட்ட இதையே பண்ணி விழுந்த டிடிஎஃப் வாசனுக்கு 10 வருஷம் லைசென்ஸ் ரத்து ஆச்சு. ஆனா பசங்க ஞாபகத்துல அந்த வீடியோதான் நிக்குது, ரத்தானது நிக்கல. சின்னப் பையன் வண்டி ஓட்டித் தப்பு நடந்தா பெத்தவங்களுக்கு 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம்னு மோட்டார் வாகனச் சட்டத்துல இருக்கு. பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸும் கிடையாது. இதை எந்த நோட்டீஸாவது சொல்லுதா?

ஆசையைத் தப்புன்னு சொல்லல. பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு நாள் போய் உக்காந்து பாருங்க. மெத்தை எத்தனை, ஒரு வாத்தியாருக்கு எத்தனை பிள்ளைங்க, முதலுதவி தெரிஞ்சவர் யாரு, கிட்ட எந்த ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் கேளுங்க. முதல் நாளே பைக்கை எடுத்தான்னா பையன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துடுங்க.

தம்பி அங்கேயே நின்னு போன் போட்டார். "கீழ என்ன போட்டிருக்கீங்க?"

"மண்ணுதான் சார், ஒண்ணும் ஆகாது."

நோட்டீஸ் இப்ப எங்க மாட்டுக்கொட்டாய்ல, தீவன மூட்டைக்கு அடியில கிடக்குது.