விரலுக்குள் ஓயாத கூச்சல்

காலையில் எழுந்து பால் பாத்திரத்தைத் தூக்கப் போகிறீர்கள். விரல்கள் மடங்க மாட்டேன் என்கின்றன. இரண்டு கைகளிலும் கணுக்கள் வீங்கிச் சுடுகின்றன. "நேற்றுத் துணி துவைத்ததுதான் காரணம்" என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, கொஞ்சம் தைலம் தடவிவிட்டு வேலையைப் பார்க்கிறீர்கள். அப்படித்தானே?

அவசரப்படாதீர்கள். வீக்கம் எப்படி வருகிறது என்று முதலில் பார்ப்போம்.

அரிவாள்மணையில் விரல் நறுக்கிவிடுகிறது. காயத்தில் கிருமி நுழைந்ததும், திசுவில் காவல் இருக்கும் அணுக்கள் 'சைட்டோகைன்' என்னும் புரதங்களை வெளிவிடுகின்றன. அவற்றில் முக்கியமானது 'டி.என்.எஃப்.' அது பட்டதும் பக்கத்து அணுக்களும் 'இன்டர்லூகின்-1', 'இன்டர்லூகின்-6' என்று தங்கள் பங்குக்குச் சுரக்கின்றன. ஒரு வீட்டில் "திருடன்!" என்று கத்தினால் தெருவே சேர்ந்து கத்துகிறதல்லவா? அதே கதைதான். ரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெள்ளை அணுக்கள் ஓடி வந்து குவிகின்றன. சிவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அதனால்தான். கிருமி ஒழிந்ததும் கூட்டம் கலைந்துவிடும்.

முடக்கு வாதத்திலோ கூட்டம் கலைவதே இல்லை. திருடனே இல்லாத மூட்டில் கூச்சல் ஓயாமல் நடக்கிறது. மூட்டின் சவ்வு வீங்கி, நாளடைவில் எலும்பையே அரிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதை அடக்க வழி கண்டவர்கள் லண்டனில் ஆராய்ச்சி செய்த இருவர்: லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும், மார்க் ஃபெல்ட்மனும். நோயுற்ற மூட்டின் அணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, டி.என்.எஃப். ஒன்றை மட்டும் தடுத்தார்கள். இன்டர்லூகின்-1 சுரப்பதும் குறைந்துவிட்டது! இது 1989-ல் வெளியாயிற்று. 1992-ல் அத்தகைய மருந்தை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கமும் வலியும் தணிந்தன.

அதற்காக எல்லோருக்கும் இந்த ஊசிதான் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் மாத்திரையில்தான் சிகிச்சை ஆரம்பமாகும். டி.என்.எஃப். நல்ல காவலாளியுமாயிற்றே! அதை அடக்கினால் உள்ளே உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளலாம். ஆகவே அதற்கான பரிசோதனை செய்த பிறகே ஊசி போடுவார்கள்.

காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கிறதா? சில வாரங்களாகியும் வீக்கம் வடியவில்லையா? உடனே டாக்டரிடம் காட்டுங்கள். "குழந்தைகளுக்குப் பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள், சகோதரி! வீக்கம் வடிந்துவிடும், அரித்துப்போன எலும்பு பழையபடி ஆவது கடினம்.