பாஸ்போர்ட்டும் கையுமாக ஒரு வரிசை

மானுடவியல் ஆய்வு என்றாலே காடு, தீவு, பழங்குடி என்று நமக்குப் பழகிவிட்டது. கேப்ரியெல்லா கோல்மனும் முதலில் கயானாவின் ஆன்மிக வைத்தியத்தை ஆராயத்தான் நினைத்திருந்தார். உடம்புக்கு முடியாமல் வீட்டோடு கிடந்த காலத்தில் இணையமே துணையாக, ஆய்வுத் தலைப்பே மாறிப்போனது. 2001 முதல் 2003 வரை சான் பிரான்சிஸ்கோவைக் களமாக்கிக்கொண்டு, டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தைச் சம்பளமில்லாமல் உருவாக்கும் நிரலாளர்களோடு பழகினார். 2012இல் ‘கோடிங் ஃப்ரீடம்’ புத்தகம் வந்தது.

காப்புரிமைச் சட்டம், பேச்சுரிமை என்று கனமான விஷயங்கள் அதில் நிறைய உண்டு. என்னை இழுத்தது அவர்களுடைய சாவிக் கையொப்பச் சடங்கு.

அந்நாளில் டெபியனில் உறுப்பினராகத் திறமை மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் உங்களை நேரில் பார்த்து, இணையத்தில் நீங்கள் நீங்கள்தான் என்று காட்டும் மறையாக்கச் சாவிக்குக் கையொப்பம் இட்டிருக்க வேண்டியிருந்தது. பெண் கொடுக்கும் முன் “தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?” என்று விசாரிப்போமே, அதே கதைதான். ஆகவே ஆண்டு மாநாட்டில் வரிசை கட்டி நின்றார்கள். ஒரு கையில் பாஸ்போர்ட். மறுகையில் ஒவ்வொருவர் சாவிக்கும் உரிய 40 எழுத்து அடையாளம் அச்சிட்ட தாள். முகத்தைப் பார், படத்தைப் பார், டிக் போடு, அடுத்த ஆளுக்கு நகர். நிரலின் ஒவ்வொரு வரியையும் ஊருக்கே திறந்துவைத்தவர்கள், ஆளை மட்டும் கண்ணால் பார்த்தால்தான் நம்பினார்கள்!

2006இல் மெக்சிகோ மாநாட்டில் ஒருவர் விஷமம் செய்தார். எந்த நாட்டு அரசும் தராத, ‘நாடுகடந்த குடியரசு’ என்ற அமைப்பின் அடையாள அட்டையை நீட்டினார். பலர் கவனிக்கவே இல்லை. பிறகு அவரே விஷயத்தை வெளியிட, பெரிய ரகளை. நம்பிக்கைத் துரோகம், கையொப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். ஓட்டையைத்தானே காட்டினார் என்றார்கள் மற்றவர்கள்.

நான் அட்டைக்காரர் கட்சி. பூட்டு பலவீனமா என்று ஆட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கூட்டத்தின் குலத்தொழில். அவர் அதைத் தன் சொந்தக்காரர்களிடமே செய்துவிட்டார், அவ்வளவுதான். அரசாங்கத்தை லேசில் நம்பாதவர்கள் அரசாங்கம் அடித்துக் கொடுத்த அட்டையை நம்பித்தான் ஆளையே ஏற்றார்கள் என்பது, அந்த விஷமம் இல்லாவிட்டால் அவர்களுக்கே உறைத்திருக்காது.