கஞ்சா கடலால மட்டும் வரேல்லை

வடக்குக் கரையில் 'கேரளக் கஞ்சா மீட்பு' என்ற செய்தியை வாசித்து எங்களுக்கு அலுத்துப்போச்சு. அடுக்கி வைத்த பொதிகள், பின்னால் சீருடையில் நாலு பேர். ஆனால் எங்கட பதினைந்து வயதுப் பெடியனிட்டக் கஞ்சா முதன்முதல் வந்து சேருவது அந்தப் படகில் இல்லை, அவன்ர போனில்.

போன கிழமை நாங்கள் சிலர் போன்களை மாத்திப் பார்த்தோம். தமிழ்ப் படத்தில் ஹீரோ புகை விடுற காட்சி, மேல ஒரு பாட்டு. படத்தில் கீழ்மூலையில் வருகிற எச்சரிக்கை வசனம் ரீல்ஸுக்கு வெட்டும்போது காணாமல் போயிடுது. ஒன்றை முழுசாப் பார்த்தால் அடுத்தநாள் அதே மாதிரி பத்து வரும். டிக்டொக் விதிகளில் போதைப்பொருளுக்குத் தடை இருக்குதுதான். ஆனால் சொல்லை எழுதாமல் ஒரு இலைப் படம் போட்டால் காரியம் முடிஞ்சுது.

கனடாவில் 2018இல் கஞ்சா சட்டபூர்வமாச்சு. அங்க இருக்கிற மச்சான் கடை வாசலில் நின்று போடுற ஸ்டோரி இஞ்ச வருது. ஒன்ராறியோவில் 19 வயதுக்குக் குறைந்தவருக்கு அதை விற்க ஏலாது என்ற மற்றப் பாதி அந்த ஸ்டோரியில் இல்லை.

"மூலிகைதானே அண்ணா, ஆயுர்வேதத்திலயும் இருக்குதானே" என்று கேட்கிறாங்கள். இருக்குதுதான். அது வைத்தியர் அளந்து குடுக்கிற மருந்து. மதில் மூலையில் சுத்திப் பத்துறது வேற. மூளை வளர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். அதுக்கு முதலே அடிக்கடி பாவிச்சால் ஞாபகமும் கவனமும் அடிவாங்கும். சிலருக்கு மனநோய் வருகிற ஆபத்தும் கூடும். ஓ.எல் எடுக்கிற வயசில் இது சின்ன விசயமில்லை.

பெரியாக்கள் செய்யிறது என்ன? போனைப் பறிக்கினம், பாக்கைச் சோதிக்கினம், எலும்புக்கூடு போட்ட சிலைட் காட்டினம். பிடிபட்டவனுக்கு விடுகைப் பத்திரம். எங்களுக்குத் தெரிந்த ஒருத்தன் நிப்பாட்ட விரும்பியும் ஒரு வருசம் ஒருத்தரிட்டயும் வாய் திறக்கேல்லை. சொன்னால் பள்ளிக்கூடம் போயிடும் என்ற பயம். அந்தப் பயத்தை நாங்கள் பிழை சொல்லமாட்டோம்.

அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபைக்கு 1927 என்று ஒரு இலக்கம் இருக்கு. ரியூஷன் முடிஞ்சு வந்த ஆறேழு பேரிட்டக் கேட்டோம், ஒருத்தருக்கும் தெரியேல்லை. அந்த இலைப் படத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டோம். எல்லாரும் சிரிச்சாங்கள்.