டேங்க் ரோட்டில் ரயில் நின்ற இடம்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை ஐந்து முறை பால்குடம் எடுத்து நடந்திருக்கிறேன். அந்த மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான நடையின் முடிவில், சிங்கப்பூரின் முதல் ரயில் முனையம் இருந்த இடத்தை ஒவ்வொரு முறையும் நெருங்கியிருக்கிறேன் என்பது சென்ற மாதம்தான் தெரியவந்தது. சொன்னவர் என் தாத்தா. மலாயன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

1903ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமாவரை ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு பாதை உட்லண்ட்ஸ்வரை நீண்டது. ஆர்ச்சர்ட் சாலையைப் பாலத்தின்மேல் கடந்து, நியூட்டனில் நின்று சென்றது அந்த வண்டி. 1923ல் ஜோகூர் கடற்பாலத்தின்மீது ரயில்கள் வரத் தொடங்கின. 1932 மே மாதம் தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டதும் டேங்க் ரோடு நிலையத்தின் காலம் முடிந்தது.

இதைக் கேட்ட வாரமே தோழிகள் இருவருடன் தேக்காவிலிருந்து நடக்கக் கிளம்பினேன். எங்கள் உயர்நிலைப் பள்ளிக் கற்றல் பயணமும் இதே இடத்துக்குத்தான். மசாலாப் பொருள்களின் பெயர்களைப் பயிற்சித்தாளில் எழுதியது மட்டும் நினைவிருக்கிறது. அன்று யாரும் எங்களைப் புக்கிட் தீமா சாலையைக் கடந்து மெக்கன்சி சாலைக்கு அழைத்துப் போகவில்லை. எம்ஆர்டி நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான்.

மெக்கன்சி சாலையில்தான் டிராம் வண்டிகளுக்கான மின்நிலையம் இருந்தது. 1905ல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. மறு ஆண்டு ராஃபிள்ஸ் பிளேஸ் போன்ற இடங்களில் எரிந்த முதல் மின்சாரத் தெருவிளக்குகளுக்கும் இங்கிருந்துதான் மின்சாரம் போனது. நகரத்துக்கே வெளிச்சம் கொடுத்த பேட்டை! டிராம் 1927ல் நின்றுபோனது. அதற்குப் பதிலாக வந்த டிராலி பேருந்துகளும் 1962ல் விடைபெற்றன. தண்டவாளத்தின் ஒரு துண்டாவது கண்ணில் படுமா என்று பார்த்துக்கொண்டே நடந்தோம். படவில்லை. டேங்க் ரோட்டிலும் அதே கதைதான்.

அடுத்த சனிக்கிழமை தாத்தாவையும் அழைத்துக்கொண்டு லிட்டில் இந்தியாவில் டௌன்டவுன் பாதை ரயிலேறினேன். ஆறாவது நிறுத்தம் கிங் ஆல்பர்ட் பார்க். அதன் பக்கத்திலேயே செங்கல் கட்டிய பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம் இருக்கிறது. 2011 ஜூன் 30ஆம் தேதி கடைசி ரயில் போனபின், தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ்வரை 24 கிலோமீட்டர் நீளத்துக்குப் பசுமை வழியாக மாறியது இந்தப் பாதை. சைக்கிளோட்டிகளும் நாய்களோடு நடப்பவர்களும் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

சில நாள்களாகத் தாத்தாவுக்கு நினைவு தடுமாறுகிறது. காலையில் என்னை அத்தையின் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். ஆனால் நடைமேடையில் கால் வைத்ததும் விளிம்பை நோக்கி நடந்து, வலது கையை உயர்த்தி நின்றார்.

“வளையத்தை இப்படிப் பிடிக்கணும்மா. தாழ்த்திப் பிடிச்சா டிரைவருக்கு எட்டாது.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு விளக்கினார். அது ஒற்றைப் பாதை. எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடக்கூடாது. ஆகவே, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சாவி. அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் வண்டியை ஓட்டக்கூடாது. பெரிய வளையத்தில் மாட்டிய பைக்குள் அந்தச் சாவியை வைத்து, ரயில் போகும்போதே ஓட்டுநரின் கைக்கு மாற்றிவிட வேண்டும். 2011வரை புக்கிட் தீமாவில் இந்த வழக்கம் இருந்தது. “மழைக்காலத்துல கை வழுக்கும். ஒரு தடவை தோள்பட்டையே கழண்டுபோச்சு” என்றார். பாட்டிக்கே தெரியாத கதை அது.

நிலையக் கட்டடம் காப்பாற்றப்பட்டுவிட்டது. தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச்சின்னம். இரண்டிலும் எனக்குப் பெருமைதான். ஆனால், வளையத்தை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்பதைச் செங்கல் சொல்லாது. மலாயா ரயில் பாதைகளில் உழைத்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். குவீன்ஸ்டவுனில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலே தண்டவாளத்தின் ஓரத்தில் ரயில்வே ஊழியர்கள் வைத்த சிறு குடிலாகத் தொடங்கியதுதான். அவர்களில் நம்மிடையே இருப்பவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது.

பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகளில் இருக்கும் என் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைநிகழ்ச்சிக்குப் பல மாதங்கள் ஒத்திகை பார்க்கிறோம். அதில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கினால், தேக்காவில் தொடங்கி மெக்கன்சி சாலை, நியூட்டன் வழியாக டேங்க் ரோடுவரை உயர்நிலை மாணவர்களை நடத்தி அழைத்துச் செல்லலாம். அவர்களோடு ஒரு ரயில்வே தாத்தாவையோ பாட்டியையோ கூட்டி வாருங்கள். நடக்க முடியாதவர்களை வீட்டில் போய்ப் பாருங்கள். தமிழிலேயே பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆங்கிலத்தில் கேட்டபோது தாத்தா என்னிடம் சொன்னது, “நைன்டீன் நைன்டி ஃபைவ் ரிடயர்ட்” என்ற நான்கு சொல் பதில்தான்.

என் கைப்பேசியில் இப்போது நாற்பது நிமிடப் பதிவு இருக்கிறது. பாதியில் பேருந்துச் சத்தம், பாதியில் அவருடைய இருமல். வரும் சனிக்கிழமை மறுபடியும் போகிறோம். இந்த முறை பாட்டியும் வருகிறார்.